ஒழுகுவது புல்லட்டின் குணமா?

வியாசர்பாடியில் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களுக்குள் நடந்து பாருங்கள். சில வீட்டு வாசல்களில் ஒரு கறுப்பு வட்டம் தெரியும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்களுக்கு அந்த வட்டத்தோடு தினமும் ஒரு சண்டை. சோப்புத் தூள் போட்டுத் தேய்ப்பார்கள். மணல் போட்டுத் தேய்ப்பார்கள். மறுநாள் பொழுது விடிந்தால், அதே இடத்தில் அதே வட்டம்!

அதற்குச் சொந்தக்காரர் வேறு யாருமில்லை. வீட்டுக்காரரின் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்தான்.

"ஏங்க, வண்டி இப்படி ஒழுகுதே, கொண்டு போய்க் காட்டக் கூடாதா?" என்று மனைவி கேட்பார்.

"இது புல்லட்டும்மா! புல்லட்டுன்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஒழுகலைன்னாத்தான் பயப்படணும். உள்ளே ஆயிலே இல்லைன்னு அர்த்தம்!" என்று கணவர் சிரிப்பார்.

இந்த வேடிக்கைப் பேச்சு வியாசர்பாடிக்கு மட்டும் சொந்தமானதல்ல. பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்கள் ஓடும் தேசங்களில் எல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் தவறில்லை. ஆனால், சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவதுதான் தவறு!

எண்ணெய் ஒழுகுவது வண்டியின் குணமல்ல. அது ஒரு நோய். நோய் என்றால் காரணம் உண்டு. காரணம் இருந்தால் மருந்தும் உண்டு. புல்லட்டின் விஷயத்தில் அந்த மருந்து பெரும்பாலும் மிக மலிவானது. இதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தோம்.

நம் ஊர்ப் பிள்ளை

வடசென்னைக்காரர்களுக்குப் புல்லட் அயல் வீட்டுப் பிள்ளை அல்ல. நம் வீட்டுப் பிள்ளை. அதன் கதை இதுதான்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்பீல்டு கம்பெனி 1901-ம் ஆண்டில் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. "புல்லட்" என்ற பெயர் 1932-ம் ஆண்டில் வந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு, நம் ராணுவம் கரடுமுரடான எல்லைப் பாதைகளில் ஓட்டுவதற்கு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ம் ஆண்டில், மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் இங்கிலாந்துக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. "என்பீல்டு இந்தியா" பிறந்தது. தொழிற்சாலை எழுந்த இடம் திருவொற்றியூர்!

முதலில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். காலம் மாறியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ம் ஆண்டில் மூடப்பட்டது. தாய் வீடு மறைந்தது. மகள் வீடு நிலைத்தது! திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டே இருந்தது. பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் என்ஜின், 2010-ம் ஆண்டு வாக்கில்தான் புதிய என்ஜினுக்கு இடம் விட்டு விலகியது.

ஆகவே, இன்று நம் தெருக்களில் ஓடும் வார்ப்பிரும்புப் புல்லட்டுகள் ஏறக்குறைய எல்லாமே 15 வயதை எட்டியவை, அல்லது தாண்டியவை. அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டும் வீடுகளும் உண்டு. வயதான வண்டியை வயதான பெரியவரைப் போலவே கவனிக்க வேண்டும். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவரின் இருமலை நாம் விட்டுவிடுகிறோமா? ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம் அல்லவா?

ரத்தமும் நாளமும்

என்ஜினுக்குள் எண்ணெய் செய்யும் வேலை என்ன?

இரும்பும் இரும்பும் உரசினால் சூடு உண்டாகும், தேய்மானம் உண்டாகும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய படலமாக நின்று உரசலைத் தடுப்பது எண்ணெய். சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் அதுதான். தேய்ந்து உதிரும் பொடியைச் சுமந்து போவதும் அதுதான். மனித உடம்புக்கு ரத்தம் எப்படியோ, அப்படித்தான் என்ஜினுக்கு ஆயில்.

ரத்தம் ஓட இதயம் வேண்டும், நாளங்கள் வேண்டும். பழைய புல்லட்டின் வலது பக்க மூடிக்குள் இரண்டு சிறு பம்புகள் இருக்கின்றன. ஒன்று எண்ணெயை அனுப்புகிறது. மற்றொன்று வேலை முடிந்த எண்ணெயைத் திரும்ப இழுக்கிறது. எண்ணெய் தங்குவதற்குத் தனி டாங்கி வெளியே கிடையாது. என்ஜினின் அலுமினிய உடலுக்குள்ளேயே அதற்கு ஓர் அறை உண்டு. சுமார் இரண்டு லிட்டர் எண்ணெய் அதில் இருக்கும்.

என்ஜினின் உச்சியில், சிலிண்டர் ஹெட்டின் மேல், இரண்டு ராக்கர்கள் ஆடிக்கொண்டே இருக்கும். வால்வுகளை அழுத்தித் திறப்பது இவைதான். அவ்வளவு உயரத்துக்கு எண்ணெய் ஏற வேண்டுமே! அதற்காக வெளியே ஒரு மெல்லிய குழாய் கீழிருந்து மேலே போகிறது. மெக்கானிக்குகள் அதை "ஆயில் பைப்" என்பார்கள்.

இந்தக் குழாயின் முனைகளைப் பிடித்திருப்பது சாதாரண போல்ட் அல்ல. நடுவில் துளையுள்ள போல்ட். அந்தத் துளை வழியாகத்தான் எண்ணெய் உள்ளே போகிறது. இதற்குப் "பாஞ்சோ போல்ட்" என்று பெயர். குழாய்முனைக்கு மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர். செம்பு அல்லது அலுமினியத்தால் ஆன, மோதிரத்தைவிடச் சிறிய வளையங்கள். இந்த வளையங்கள் நசுங்கி, இடைவெளியை அடைப்பதால்தான் எண்ணெய் வெளியே வராமல் இருக்கிறது.

அந்தச் சிறு வளையத்தை நம்பித்தான் ஒரு குடும்பத்தின் வண்டியே நிற்கிறது!

துளியின் கணக்கு

"என்ன பெரிய ஒழுகல்? நிமிஷத்துக்கு ஒரு சொட்டு" என்பார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அவனையே போடச் சொல்லுங்கள்.

நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்றால், ஒரு மணிக்கு 60 சொட்டு. ஒரு நாளைக்கு 1,440 சொட்டு. 30 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 48 மில்லி. 30 நாளைக்கு 1,440 மில்லி. அதாவது, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்!

வண்டியில் இருப்பதே சுமார் இரண்டு லிட்டர்தான். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்று சிரித்தவரின் வண்டியில், ஒரு மாதத்தில் முக்கால் பங்கு எண்ணெய் காலி! வண்டி நிற்கும்போது ஒரு சொட்டு என்றால், ஓடும்போது பம்பு தள்ளுவதால் இன்னும் அதிகமாகவே போகும்.

"அதுக்குத்தான் அப்பப்போ ஊத்துறோமே" என்று சிலர் சொல்வார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறவர், ஊற்றும் தண்ணீருக்குக் கணக்கு வைப்பதில்லை. வாரம் ஒரு தடவை கால் லிட்டர், அரை லிட்டர் என்று வாங்கும் ஆயிலின் காசை ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள். ரிப்பேர் செலவு அதன் பக்கத்தில் நிற்காது.

ஊற்ற மறந்துபோன வாரம்தான் ஆபத்து. எண்ணெய் குறைந்தால் ராக்கர் தேயும். பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பாஷையில் "என்ஜின் சீஸ்". பிறகு சிலிண்டரைப் போர் அடிக்க வேண்டும். புதுப் பிஸ்டன் போட வேண்டும். செலவு பல ஆயிரம் ரூபாய்! வண்டி ஒர்க்ஷாப்பில் கிடக்கும் நாட்களுக்கு வேலைக்குப் போகும் வழி வேறு தேட வேண்டும்.

சொட்டும் இடம் வேறு. ஒழுகும் இடம் வேறு

ஒழுகலை நிறுத்தும் வேலையில் முக்கால் பங்கு, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

எண்ணெய் தரையில் சொட்டுவது என்ஜினின் அடியிலிருந்து. உடனே, "அடியில் இருக்கிற போல்ட்டை இறுக்கு" என்கிறார்கள். ஆனால், எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதை முன்னாலிருந்து பின்னால் தள்ளும். உச்சியில் ராக்கர் பக்கம் கசிந்த எண்ணெய், சிலிண்டரின் வரிகளில் இறங்கி, அடி போல்ட்டில் வந்து சொட்டும். அடி போல்ட் மீது பழி! கூரையில் ஒரு மூலையில் ஓட்டை இருக்க, மழைத் தண்ணீர் உத்தரத்தின் வழியே ஓடி வந்து இன்னொரு மூலையில் சொட்டுவதில்லையா? அதே கதைதான்.

ஆகவே, நனைந்திருக்கும் இடங்களில் எது மிக உயரத்தில், எது மிக முன்னால் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு.

முதலில், என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பனியன் வேஸ்ட் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். குழந்தைக்குப் போடும் பவுடரே போதும். வண்டியை ஸ்டார்ட் செய்து சில நிமிஷம் ஓட விடுங்கள். வெள்ளைப் பவுடரில் எந்த இடம் முதலில் கறுத்து நனைகிறதோ, அதுதான் திருடன் ஒளிந்திருக்கும் இடம்!

ஓடும் என்ஜின் பக்கத்தில் சேலைத் தலைப்பு, துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் வரக் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

நான்கு திருடர்கள்

பவுடர் சோதனையில் அகப்படும் திருடர்கள் பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவர்தான்.

முதலாவது, பழைய வாஷர். செம்பு வளையம் ஒரு தடவை நசுங்கினால் இறுகிவிடும். மறுபடியும் கழற்றிப் பூட்டினால் முன்போல் நசுங்காது, இடைவெளி நிற்கும். பைப்பைக் கழற்றும்போதெல்லாம் புது வாஷர் போடுவதுதான் முறை.

இரண்டாவது, விரிந்த குழாய். புல்லட்டின் அதிர்வு உலகறிந்தது. வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து, பைப்பின் முனையில் பற்றவைத்த இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். வண்டி நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஓடும்போது வாய் திறக்கும். ஆட்டோ, வேன், லாரிகளில் ரப்பர் ஹோஸ்கள் இருக்கும். அவை சூட்டில் வெந்து, கட்டையாக இறுகி வெடிக்கும். வளைத்துப் பார்த்தால் மேலே கோடு கோடாகத் தெரியும்.

மூன்றாவது, போன மரை. அலுமினியத்தில் இருக்கும் மரை மென்மையானது. "ஒழுகுதா? இன்னும் ஒரு சுத்து இறுக்கு!" என்று பெரிய ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால், மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதன் பிறகு எத்தனை வாஷர் போட்டும் பயனில்லை. மரையைப் புதிதாக வெட்டி, உள்ளே கம்பிச் சுருள் மரை பதிக்க வேண்டும். பலம் காட்டியதற்கு அபராதம்!

நான்காவது திருடன் மகா கள்ளன். அவன் பெயர் அடைபட்ட மூச்சுக் குழாய். பிஸ்டன் கீழே இறங்கும்போது அடியில் இருக்கும் காற்று அழுந்தும். அது வெளியேற என்ஜினில் ஒரு மூச்சுக் குழாய் உண்டு; "பிரீதர்" என்பார்கள். அது அழுக்கால் அடைபட்டாலோ, நசுங்கிப் போனாலோ காற்று எங்கே போகும்? எந்த மூட்டு பலவீனமாக இருக்கிறதோ, அதன் வழியே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு மூட்டை அடைத்தால் இன்னொரு மூட்டில் வரும். "எல்லா பேக்கிங்கும் மாத்தியாச்சு, இன்னும் ஒழுகுதே!" என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். புல்லட் பல நாள் நின்றால், அறையில் இருக்கும் எண்ணெய் மெதுவாகக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்தது போலத் தோன்றும். உடனே ஊற்றக் கூடாது. சில நிமிஷம் ஓட விட்டு, பிறகு பாருங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் அளவு மிஞ்சும். மிஞ்சியது மூச்சுக் குழாய் வழியே கொட்டும். அதையும் "ஒழுகல்" என்று எண்ணிக் கலங்குகிறவர்கள் உண்டு.

பசை பூசும் பழக்கம்

இப்போது நாம் கண்டிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம்.

ஒழுகுகிறது என்றால், அதன் மேல் எதையாவது பூசுவது நம்மிடம் இருக்கும் கெட்ட பழக்கம். மஞ்சள் பசை, கறுப்புப் பசை, சிவப்புப் பேஸ்ட், சிலர் சோப்பைக்கூட அழுத்தி வைக்கிறார்கள்! இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் மறுபடியும் சொட்டும். அதன் மேல் இன்னொரு பூச்சு. கடைசியில் என்ஜின் அம்மை வார்த்த முகம் போல ஆகிவிடும்.

வெளியில் தெரியும் அசிங்கம் போகட்டும். உள்ளே நடக்கும் கேடுதான் பெரிது. பாஞ்சோ போல்ட்டில் பேஸ்ட்டைத் தடவி முறுக்கினால், அதில் ஒரு பகுதி பிதுங்கி உள்ளே போகும். அது காய்ந்து, சிறு சிறு துண்டாக உடைந்து, எண்ணெயோடு ஓடும். போல்ட்டின் துளையோ மிகச் சிறியது. அந்தத் துண்டு அங்கே போய் அடைத்தால் ராக்கருக்கு எண்ணெய் நின்றுவிடும். வெளியே ஒரு சொட்டுகூட இல்லை. சொந்தக்காரருக்கு ஏக சந்தோஷம்! உள்ளே இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்துகொண்டிருக்கும். ரத்தம் கசிகிறதே என்று நாளத்தையே கட்டிவிடுகிற வைத்தியம் இது!

சரியான வைத்தியம் இப்படி. பைப்பைக் கழற்ற வேண்டும். போல்ட்டின் துளையையும் பைப்பின் உட்புறத்தையும் சுத்தம் செய்து, காற்றடித்துப் பார்க்க வேண்டும். முனையின் தளங்களில் கீறல் இருந்தால், கண்ணாடிப் பலகையின் மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, அதில் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். வெடித்த பைப்பை மாற்ற வேண்டும். புது வாஷர் இரண்டு பக்கமும் போட்டு, முதலில் கையால் முறுக்கி, பிறகு அளவோடு இறுக்க வேண்டும்.

புது வாஷர் உடனே கிடைக்காவிட்டால், அனுபவசாலிகள் பழைய செம்பு வாஷரையே தீயில் காட்டுவார்கள். மங்கலாகச் சிவக்கும் வரை சூடாக்கி, தண்ணீரில் போடுவார்கள். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டியாகும், செம்போ மென்மையாகும்! கன்னார்களுக்கு இது தெரிந்த வித்தைதான். ஆனால், இது அவசரத்துக்கு உதவும் வழி. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் புது வாஷர் கிடைக்கும்போது அதை வாங்கிப் போடுவதே மேல்.

எல்லாம் பூட்டிய பிறகு ஒரு சோதனை பாக்கி உண்டு. வண்டியை மெதுவாக ஓட விட்டு, ராக்கர் பக்கப் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊறி வந்தால், உச்சி வரை எண்ணெய் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே இறுக்கிவிட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்கிற மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். அவர் தொழில் தெரிந்தவர்.

உயிர் விஷயம்

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போனால்?

கசிந்த எண்ணெயைக் காற்று பின்னால் தள்ளும் என்றோம். பின்னால் என்ன இருக்கிறது? பின் சக்கரம்! டயரில் எண்ணெய் பட்டால் பிடிமானம் போய்விடும். நேராகப் போகும்போது தெரியாது. திருப்பத்தில் சாயும்போதுதான் வழுக்கும். நம் பகுதியில் ஓடுவது எப்படிப்பட்ட வாகனங்கள்? துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்! எண்ணூர் சாலையில் அந்த லாரிகளுக்கு நடுவே, பின்னால் மனைவியையும், டாங்கியின் மேல் குழந்தையையும் உட்கார வைத்துக்கொண்டு போகிறவர், தம் டயர் உலர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

தவிர, நாம் சொட்டவிட்டுப் போகும் எண்ணெய் நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து. மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். ஈரச் சாலையில் வானவில் போல நிறம் காட்டும் எண்ணெய்ப் பசை எவ்வளவு வழுக்கும் என்று!

வாசலில் இருந்து கழிமுகம் வரை

அந்தச் சொட்டின் பயணம் சாலையோடு முடியவில்லை.

வாசலைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? வியாசர்பாடியின் வடிகால் கேப்டன் காட்டன் கால்வாய். அது பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் வடக்கே போய் எண்ணூர் கழிமுகத்தைத் தொடுகிறது. அங்கே மீனவர்கள் வலை வீசுகிறார்கள். நம் வீட்டு மீன் குழம்புக்கும் நம் வீட்டு வாசலுக்கும் தண்ணீர் வழியில் உறவு இருக்கிறது.

எண்ணெய் கடலில் கலந்தால் என்ன ஆகும் என்று வடசென்னைக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடற்கரை நெடுகப் படிந்தது. ஆட்கள் வாளியால் அள்ளி அள்ளி அகற்றிய காட்சியை நாடே பார்த்தது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலி பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்துக்குப் போனது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. பிழைப்பு நின்றது.

அந்தப் பெரிய கேடுகளுக்கு நம் புல்லட் காரணமல்ல. கப்பலும் ஆலையும் செய்த குற்றத்தை ஒரு மோட்டார் சைக்கிளின் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால், "பெரியவர்கள் ஒழுகவிடாதே" என்று நாம் உரக்கக் கேட்க வேண்டுமானால், நம் வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

ஆயில் மாற்றும்போது வடித்த கறுப்பு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இது ஒழுகலைவிடப் பெரிய பாவம். பழைய என்ஜின் ஆயில் அபாயகரமான கழிவு என்று 2016-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. அதைச் சுத்தம் செய்து மறுபடியும் பயன்படுத்தும் தொழில் இருக்கிறது. டப்பாவில் பிடித்து வைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.

"விதி" என்று சொன்னவர்கள்

"எல்லாம் சரி. பழைய டிசைன் அப்படி. நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம்.

இதே பேச்சை இங்கிலாந்திலும் பேசினார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் எண்ணெய் ஒழுகும். அது விதி என்றார்கள். 1969-ம் ஆண்டில் ஜப்பானிலிருந்து ஹோண்டா 750 வந்தது. நான்கு சிலிண்டர், அசுர வேகம், ஆனால், தரையில் சொட்டு இல்லை! என்ஜின் உடலை இரண்டாகப் பிளக்கும் கோட்டை, எண்ணெய் நிற்கும் இடத்துக்கு மேலே படுக்கையாக வைத்தார்கள். தளங்களைத் துல்லியமாகக் கடைந்தார்கள். அவ்வளவுதான், விதி பறந்துவிட்டது! அதுவரை "குணம்" என்று சொல்லப்பட்டது வெறும் கவனக்குறைவு என்று உலகம் தெரிந்துகொண்டது.

பழைய புல்லட்டை ஹோண்டாவாக்க முடியாதுதான். மூட்டுகளில் இலேசான ஈரம் படியலாம். அதைத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். ஈரம் வேறு, சொட்டு வேறு. பழைய புல்லட்டைச் சொட்டாமல் வைத்திருக்கும் மெக்கானிக்குகள் வடசென்னையில் இருக்கிறார்கள். சொட்டாத புல்லட்டை ஓட்டும் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களால் முடிவது நம்மால் ஏன் முடியாது?

காரணம் ஒன்றுதான். நாம் மெக்கானிக்குக்கு நேரம் கொடுப்பதில்லை. "அண்ணே, ஆபீசுக்கு நேரமாச்சு, பத்து நிமிஷத்துல ஏதாவது பண்ணுங்க!" என்கிறோம். பத்து நிமிஷத்தில் பசைதான் பூச முடியும். வைத்தியம் செய்ய முடியாது. தேடிக் கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டால், "ஒரு வாஷர் மாத்தினதுக்கு இவ்வளவா?" என்று முகம் சுளிக்கிறோம். டாக்டர் ஒரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தால், மாத்திரையின் விலையை மட்டுமா கொடுக்கிறோம்? எந்த மாத்திரை என்று தெரிந்த அறிவுக்கும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம்! ஸ்பேனர் பிடிக்கும் கைக்கும் அந்த மரியாதை வேண்டும்.

மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "புல்லட்டுன்னா ஒழுகும் சார்" என்று நீங்கள் சொன்னால், வாடிக்கைக்காரர் நம்பிவிடுவார். உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வர வேண்டாம். "நாளைக்குக் காலையில விடுங்க, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். கடையில் வேலை பழகும் பையனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதோடு, பவுடர் தூவித் தேடவும் கற்றுக்கொடுங்கள். தேடத் தெரிந்த பையன் நாளைக்குச் சொந்தமாகக் கடை வைப்பான்.

கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் வண்டியை விடுவது கஷ்டம்தான். மறுக்கவில்லை. ஆனால், அரை நாளை இன்று கொடுக்காதவரிடம் என்ஜின் ஒரு வாரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதுவும், கையில் காசில்லாத வாரமாகப் பார்த்துப் பிடுங்கும்!

பழைய தனியார் வண்டிகளுக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் கொண்டு போய்க் காட்ட வேண்டும். அதற்காக அவசர அவசரமாகத் துடைத்துப் பளபளக்க வைக்கிறோம். அதிகாரி பார்ப்பது ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள். வாசலைத் தெளிக்கும் நம் வீட்டுப் பெண் பார்ப்பது தினமும்! அவர் காட்டும் கறுப்பு வட்டம்தான் உண்மையான சான்றிதழ்.

வாசகர்களே! இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த மலரைப் படித்து முடித்த பிறகு, இரவில் இதே தாளை வண்டியின் அடியில் விரித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். தாள் சுத்தமாக இருந்தால், அளவுக் கம்பியையும் எடுத்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போங்கள். சொட்டு விழுந்திருந்தால், எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேரே மெக்கானிக்கிடம் போங்கள்.

"கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று அவர் சொன்னால், தாளை விரித்துக் காட்டுங்கள். "எங்கேயிருந்துன்னு தேடுங்க அண்ணே, அரை நாள் வண்டியை விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள்!